கார் ஆம்ப்ளிஃபயரின் சப்வூஃபர் சேனல்: பழுதும் வரலாறும்

கார் ஆம்ப்ளிஃபயரின் சப்வூஃபர் சேனல் என்பது, பாட்டில் உள்ள ஏறத்தாழ 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான மிகத் தாழ்ந்த ஒலிகளை மட்டும் பிரித்தெடுத்து, பெரிய கூம்பு கொண்ட ஒரு ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்கு வலுவூட்டும் மின்சுற்றுப் பகுதியாகும். ஆம்ப்ளிஃபயரைப் பாடநூல்கள் பெருக்கி என்றும், கலைச்சொல் தொகுப்புகள் மிகைப்பி என்றும் குறிக்கின்றன. கடைத்தெருவில் அது 'ஆம்ப்' தான். அதில் தனித்தனியாக ஒலி செல்லும் பாதை 'சேனல்'. சப்வூஃபரின் ஒலியைப் பொதுவாக 'பேஸ்' என்பார்கள்.

நான்கு சேனலும் பாடிக்கொண்டிருக்கையில் சப்வூஃபர் மட்டும் ஊமையாகிவிடுவது பழைய கார் ஆம்ப்ளிஃபயர்களில் அடிக்கடி காணப்படும் பழுது. தஞ்சாவூர் மாவட்டத்தில் பாக் நீரிணைக் கரையில் உள்ள அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் இதற்கு உப்புக் காற்றும் ஒரு காரணமாகிறது. இந்தப் பழுதைத் தேடிப்போகும் முறை காருக்காகவோ சப்வூஃபருக்காகவோ உருவானதன்று. அது வால்வு ரேடியோ காலத்தில் உருவாகி, ரேடியோ மெக்கானிக், மைக்செட்காரர், டிவி மெக்கானிக் எனக் கை மாறி வந்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குள் இருக்கும் சுற்றுகளும் அப்படியே. ஒவ்வொன்றும் வேறொரு பத்தாண்டில் பிறந்தவை. எனவே எந்தப் பகுதி எதற்காக வந்தது என்று அறிந்தவருக்குப் பழுதின் இடத்தைக் கண்டுபிடிப்பது எளிதாகிறது.

பேஸ் இல்லாத காலம்

காவிரி டெல்டா ஒலிபெருக்கியை முதலில் அறிந்தது பேஸ் இல்லாமல்தான். கோயில் திருவிழா, கந்தூரி, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் தென்னை மரத்திலோ மூங்கில் கழியிலோ ஏற்றிக் கட்டப்பட்டது கூம்பு ஒலிபெருக்கி. ஊர் வழக்கில் அது 'குழாய்'. பல வயல்கள் தாண்டியும் கேட்கும் குழாயில் கனத்த ஒலி மட்டும் வராது.

காரணம் இயற்பியலில் உள்ளது. கூம்பின் வாய்ச் சுற்றளவு ஏறத்தாழ ஓர் அலைநீளம் இருந்தால்தான் அந்த ஒலி நன்றாக வெளியேறும். அரை மீட்டர் விட்டமுள்ள குழாயின் வாய்ச் சுற்றளவு சுமார் 1.57 மீட்டர். ஒலியின் வேகத்தை நொடிக்கு 343 மீட்டர் எனக் கொண்டால், அது 218 ஹெர்ட்ஸுக்கு உரிய அலைநீளம். அதற்குக் கீழே ஒலி வேகமாக மெலிந்துவிடும். 50 ஹெர்ட்ஸ் ஒலியை இதே முறையில் பரப்ப, வாய் அகலம் 2 மீட்டருக்கும் மேல் வேண்டும். அதை எந்தத் தென்னை மரமும் தாங்காது. ஆகவே நாகசுரம் குழாயில் கணீரென்று கேட்டபோதும், தவிலின் தொப்பிப் பக்கம் எழுப்பும் அடித்தொனி பந்தலைத் தாண்டவில்லை.

மின்சாரத்தில் இயங்கும் பொது ஒலிபெருக்கியை அமெரிக்காவில் 1915இல் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதாமும் செய்து காட்டினர். அவர்கள் அதற்கு வைத்த பெயர் மேக்னவாக்ஸ், இலத்தீனில் 'பெருங்குரல்'. இந்தியாவில் 1930களில் காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது மோத்வானி குடும்பத்தின் சிகாகோ ரேடியோ நிறுவனம். பேச்சு தெளிவாகக் கேட்டால் போதும் என்ற தேவைக்குக் குழாய் நன்றாகவே பொருந்தியது.

பேஸுக்கான வழி வேறு பக்கம் திறந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் 1925இல் கம்பிச்சுருளால் அசையும் காகிதக் கூம்பு ஸ்பீக்கரை விளக்கி வெளியிட்டனர். காந்தத்தின் இடைவெளியில் ஒரு சுருள். சுருளோடு ஒட்டிய கூம்பு. இன்று காரின் பின்பக்கத்தில் இருக்கும் சப்வூஃபரும் அமைப்பில் அதுவேதான். அளவும் அழுத்தமும் மட்டுமே கூடியிருக்கின்றன.

காருக்குள் வந்த ரேடியோ

பால் கால்வினின் நிறுவனம் 1930இல் மோட்டரோலா என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கியது. வால்வுகளுக்கு இருநூறு வோல்ட் அளவில் மின்னழுத்தம் வேண்டும். அன்றைய கார் பேட்டரி தந்ததோ 6 வோல்ட். முதலில் இதற்கெனத் தனி உலர் மின்கலங்களைக் காருக்குள் வைத்தார்கள். பிறகு 'வைப்ரேட்டர்' வந்தது. மின்காந்தத்தால் படபடவென்று அடித்துக்கொள்ளும் ஓர் உலோக நாக்கு, பேட்டரியின் நேர் மின்னோட்டத்தை விட்டு விட்டு வெட்டும். வெட்டுப்பட்ட மின்னோட்டத்தை மின்மாற்றி உயர்த்தும். அந்த நாக்கு தேய்ந்து ஒட்டிக்கொள்வது அக்காலக் கார் ரேடியோவின் தீராத் தொல்லை.

டிரான்சிஸ்டர் அந்தத் தொல்லையை ஒழித்தது. முழுக்க டிரான்சிஸ்டரால் ஆன கார் ரேடியோவைக் கிரைஸ்லரும் ஃபில்கோவும் 1955இல் அறிவித்தன. 12 வோல்ட்டிலேயே டிரான்சிஸ்டர் வேலை செய்ததால் வைப்ரேட்டர் தேவையில்லாமல் போனது. ஆனால் சக்தி வேண்டும் என்று காரோட்டிகள் கேட்கத் தொடங்கியதும் அது வேறு உருவில் திரும்பி வந்தது.

கணக்கு எளியது. ஓடும் காரில் 14.4 வோல்ட் இருக்கிறது என்று கொள்வோம். 4 ஓம் ஸ்பீக்கரை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் இயக்கினால் அதிகபட்சம் சுமார் 6.5 வாட்தான் கிடைக்கும். இரண்டு பக்கமும் எதிரெதிராக இயக்கும் 'பிரிட்ஜ்' முறையில் சுமார் 26 வாட். அதற்கு மேல் உருக்குலையாத ஒலியை எவ்வளவு திறமையான சுற்றும் தர முடியாது. விளம்பரத்தில் எத்தனை வாட் போட்டிருந்தாலும் இந்த எல்லை மாறுவதில்லை. 100 வாட் வேண்டுமானால் அதே 4 ஓமில் உச்ச மின்னழுத்தம் 28 வோல்ட்டைத் தாண்ட வேண்டும். எனவே கார் ஆம்ப்ளிஃபயருக்குள் பேட்டரி மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, வளைய வடிவ மின்மாற்றியால் உயர்த்தி, கூட்டல் 30, கழித்தல் 30 வோல்ட் போன்ற இரட்டை அழுத்தமாக மாற்றும் பகுதி ஒன்று இருக்கிறது. வெட்டும் வேலையைச் செய்வது மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள். தாளம் போடுவது டி.எல்.494 போன்ற ஒரு ஐ.சி. வேலையைப் பார்த்தால் இது 1930களின் வைப்ரேட்டர்தான். வீட்டு இன்வெர்ட்டரிலும் இதே உத்தி இருப்பதால், இன்வெர்ட்டர் பார்க்கும் மெக்கானிக்குக் கார் ஆம்ப்ளிஃபயரின் இந்தப் பகுதி புதிதாகத் தோன்றாது.

சப்வூஃபரின் வருகை

மனிதக் காது தாழ்ந்த ஒலிக்கு மந்தமானது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட வளைகோடுகள் இதைக் காட்டின: நடுத்தர ஒலிக்கு இணையாகக் கேட்க, பேஸை மிகக் கூடுதல் அழுத்தத்தில் தர வேண்டும். கூம்பின் பக்கத்திலும் ஒரு சுமை உண்டு. அதே அழுத்தத்தை ஒரு மடங்கு தாழ்ந்த அதிர்வெண்ணில் தர, கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் நகர வேண்டும். கார் ஆம்ப்ளிஃபயர் பேட்டரியிலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தில் பெரும்பங்கை சப்வூஃபர் சேனல் விழுங்குவது இதனால்தான். அதிக வெப்பமும் அதிக அதிர்வும் அங்குதான். பழுதுக்கான வாய்ப்பும் அங்குதான் அதிகம்.

ஸ்டீரியோவுக்குத் துணையாகத் தனி சப்வூஃபர் அமைப்புக்கு 1964இல் ரேமன் டோன்ஸ் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1974இல் வந்த 'எர்த்குவேக்' திரைப்படத்துக்காகத் திரையரங்குகளில் நிறுவப்பட்ட 'சென்சரவுண்ட்' அமைப்பு, பேஸை உடம்பால் உணர வைத்தது. பெட்டியின் கன அளவையும் ஸ்பீக்கரின் இயல்பையும் பொருத்திக் கணக்கிடும் முறையை ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இலும், ரிச்சர்ட் ஸ்மால் 1970களின் தொடக்கத்திலும் வகுத்தனர். காரின் பின்பக்கத்தில் அடங்கும் சிறிய பெட்டியிலிருந்து பெரிய பேஸை வரவழைக்க முடிந்ததில் இவர்களின் கணக்குக்குப் பெரும் பங்குண்டு.

சப்வூஃபர் சேனலின் உள்ளே நுழையும் ஒலி முதலில் சந்திப்பது வடிகட்டியை. அதன் கணிதம் ஸ்டீஃபன் பட்டர்வொர்த் 1930இல் எழுதிய கட்டுரையிலிருந்து வருவது. அதைக் கம்பிச்சுருள் இல்லாமலேயே அமைக்கும் சுற்று வடிவம் 1955இல் சாலன், கீ ஆகிய இருவரும் தந்தது. முடிவில் ஸ்பீக்கரை இயக்கும் சக்திப் பகுதியின் அமைப்பு, ஆர்.சி.ஏ. நிறுவனத்தின் எச்.சி.லின் 1956இல் காட்டிய வழியில் வளர்ந்தது. பாட்டு நுழையும் ஆர்.சி.ஏ. பின்னும் அதே நிறுவனம் வால்வு ரேடியோவோடு கிராமபோனை இணைக்கக் கொண்டுவந்ததுதான்.

டெல்டாவுக்கு வந்த வழி

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கியது. டெல்டாவின் வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் அதுவே அருகிலிருந்த நிலையம். நீரிணைக்கு அப்பாலிருந்து இலங்கை வானொலியின் தமிழ்ப் பாட்டுகளும் கரையோர ஊர்களில் தெளிவாகக் கேட்டன. ரேடியோ இருந்த இடத்தில் ரேடியோ ரிப்பேர் கடையும் முளைத்தது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் ஐ.டி.ஐ.களில் ரேடியோ மெக்கானிக் பிரிவும் பின்னர் டிவியும் சேர்ந்தன. 1964இல் நிறுவப்பட்ட கான்டினென்டல் டிவைஸ் இந்தியா நாட்டிலேயே சிலிக்கான் டிரான்சிஸ்டர் தயாரித்தது. '3055' என்று எண்ணாலேயே அழைக்கப்படும் உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர், உள்ளூரில் கட்டிய மைக்செட் ஆம்ப்ளிஃபயர்களின் முதுகெலும்பானது.

காருக்கான கேசட் பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் நீண்ட காலம் வெளிநாட்டுச் சரக்காகவே இருந்தன. சென்னைக் கடற்கரை ரயில் நிலையம் அருகே பர்மாவிலிருந்து திரும்பியோருக்காக 1969இல் அமைந்த பர்மா பஜார் அவற்றுக்குப் பேர்போனது. அதிராம்பட்டினத்திலிருந்து மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்கள் ஏராளம். சபுராளி வீட்டுக்குக் கொண்டுவரும் பெட்டியில் டேப்ரிக்கார்டர் இடம்பெற்ற காலம் ஒன்று இருந்தது. அவற்றைத் திறந்து பார்த்தே வெளிநாட்டுச் சுற்றுகளைக் கற்றுக்கொண்ட மெக்கானிக்குகளுக்கு வரைபடம் கையில் இல்லை என்பது ஒரு தடையாக இருக்கவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 1991க்குப் பிறகு கார் வகைகள் பெருகின. பாட்டும் மாறிக்கொண்டிருந்தது. இளையராஜாவின் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனிக் குரலாக நடந்தது. 1992இல் 'ரோஜா'வுடன் ஏ.ஆர்.ரகுமான் வந்தபின் அடித்தொனியின் கனம் இன்னும் கூடியது. 1995இல் வெளியான 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியோடு வந்தது. தியேட்டரில் கேட்டதைக் காரிலும் கேட்க விரும்பியவர்களுக்கு உள்ளூர்க் கடைகள் தந்த மலிவான விடை '4440 போர்டு'. சான்யோவின் எல்.ஏ.4440 ஐ.சி. கார் பேட்டரியிலேயே இயங்கி, பிரிட்ஜ் முறையில் 19 வாட் தரும். மேலே சொன்ன 26 வாட் எல்லைக்கு உட்பட்டதுதான் இதுவும். உண்மையான சப்வூஃபருக்குப் போதாது. பணம் உள்ளவர்கள் தனி ஆம்ப்ளிஃபயர் வாங்கினார்கள். இன்று 'பழைய ஆம்ப்' என்று மெக்கானிக்கின் மேசைக்கு வருபவை பெரும்பாலும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை.

பழுது தேடும் முறை

1930களில் அமெரிக்காவில் ஜான் ரைடர் என்பவர் எல்லா நிறுவன ரேடியோக்களின் சுற்றுப் படங்களையும் திரட்டித் தடித்த கையேடுகளாக வெளியிட்டார். சந்தேகப்பட்ட பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதை விட, ஒலிக்குறி எந்தக் கட்டம் வரை வருகிறது, எங்கே காணாமல் போகிறது என்று பின்தொடர்வதே முறை என்று அவர் வலியுறுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் வராத வயல்காரர் மதகிலிருந்து கரையோடு நடந்து பார்ப்பது போன்றதுதான் இது. உடைப்பு எந்த இரண்டு மடைகளுக்கு இடையில் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சப்வூஃபர் சேனலில் இந்த நடை ஆம்ப்ளிஃபயரைத் திறப்பதற்கு முன்பே தொடங்குகிறது. மற்ற நான்கு சேனல்களும் பாடுகின்றன என்பதே முதல் சாட்சி. பொதுவான மின்வழங்கி, பேட்டரி வயர், ரிமோட் வயர் ஆகியவை பெரும்பாலும் உயிரோடு இருக்கின்றன என்று அதனால் கொள்ளலாம். (சில ஆம்ப்ளிஃபயர்களில் சப்வூஃபருக்கு மட்டும் தனி மின்வழங்கி உண்டு, அங்கே இந்தச் சாட்சி செல்லாது.) அடுத்தது ஸ்பீக்கர். அதன் வயரைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுத்தால் கூம்பு துள்ள வேண்டும். மல்டிமீட்டரில் 4 ஓம் சப்வூஃபர் 3 முதல் 4 ஓமுக்குள் காட்டும். துள்ளல் இல்லை, மீட்டர் எல்லையற்ற மின்தடை காட்டுகிறது என்றால் சுருள் அறுந்திருக்கிறது. துள்ளும்போது உரசல் சத்தம் வந்தால் சுருள் வெந்து உப்பியிருக்கலாம்.

ஸ்பீக்கர் நலமென்றால் அமைப்பு. கார் ஸ்டீரியோவின் மெனுவில் சப்வூஃபர் வெளியீடு அணைந்திருப்பதும், ஆம்ப்ளிஃபயரின் வடிகட்டிச் சுவிட்ச் தாழ்ஒலிக்குப் பதில் உயர்ஒலிப் பக்கம் தள்ளப்பட்டிருப்பதும், கழற்றி மாட்டிய வண்டிகளில் சாதாரணம். இதைப் பார்க்காமல் பெட்டியைத் திறப்பவர் அரை நாளை வீணாக்குவார். பிறகு ஆர்.சி.ஏ. வயர்கள். பாடிக்கொண்டிருக்கும் சேனலின் பின்னைக் கழற்றி, சப்வூஃபர் உள்ளீட்டில் செருக வேண்டும். பேஸ் வந்துவிட்டால் ஆம்ப்ளிஃபயர் நல்லது. குற்றம் வயரிலோ ஸ்டீரியோவிலோ உள்ளது. வராவிட்டால் குற்றம் பெட்டிக்குள். ஒரே ஒரு செருகல்தான். ஆனால் பழுது தேடலில் இதைவிட அதிகம் சொல்லும் சோதனை வேறில்லை.

பாதுகாப்பு விளக்கு எரிந்தால் வழி சற்று மாறும். ஸ்பீக்கர் வயர்களையும் ஆர்.சி.ஏ. வயர்களையும் முழுதாகக் கழற்றிவிட்டு மறுபடி மின்சாரம் கொடுக்க வேண்டும். விளக்கு அணைந்தால் வெளியே ஏதோ வயர் உடலில் தொடுகிறது. அணையாவிட்டால் உள்ளே ஏதோ ஒரு டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம்.

பெட்டிக்குள்

பெட்டியைத் திறந்ததும் கண்ணும் மூக்கும் மீட்டரை முந்திக்கொள்ளும். கருகிய மின்தடை, தலை உப்பிய மின்தேக்கி, மைக்கா தகட்டைச் சுற்றிய பழுப்பு. ஆனால் சப்வூஃபர் சேனலில் பல சமயம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்டீரியோவில் இடது கெட்டால் வலதை வைத்து ஒப்பிடலாம். நல்ல சேனலே வரைபடமாகிவிடும். சப்வூஃபர் ஒற்றைப் பிள்ளை. ஒப்பிட இரட்டை இல்லை. இங்கேதான் ரைடரின் முறை உண்மையாகக் கைகொடுக்கிறது.

40 அல்லது 50 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியைக் கைப்பேசியிலிருந்து உள்ளீட்டில் கொடுத்து, அலைநோக்கி அல்லது மல்டிமீட்டரின் ஏ.சி. வோல்ட் அளவால் கட்டம் கட்டமாகப் பார்க்க வேண்டும். முதலில் ஆர்.சி.ஏ. சாக்கெட்டின் உள்பக்கக் கால்கள். வயரைச் செருகும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்கள் போர்டில் அசைகின்றன. ஆண்டுக்கணக்கில் அசைந்து ஈயம் வட்டமாக விரிசல் விடும். மெக்கானிக்குகள் 'டிரை சால்டர்' என்பது இதுதான். பழைய ஆம்ப்ளிஃபயரில் மிக மலிவாகத் தீரும் பழுதும் இதுவே: பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்தால் போதும். அடுத்து அளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கன்ட்ரோல்கள். அவற்றில் தூசியும் துருவும் படிந்தால் கரகரப்பு முதலில் வரும், ஒலி பிறகு போகும். திருப்பும்போது பேஸ் சட்டென்று வந்து மறைந்தால் குற்றவாளி பிடிபட்டான்.

வடிகட்டிப் பகுதியின் ஆப்-ஆம்ப் ஐ.சி.க்குப் பொதுவாகக் கூட்டல் 15, கழித்தல் 15 வோல்ட் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் ஒலி அங்கேயே நின்றுவிடும். அதைக் கொடுக்கும் சிறிய மின்தடையோ ஜீனர் டையோடோ போயிருக்கலாம். வடிகட்டியைத் தாண்டி ஒலி வந்து, சக்திப் பகுதியில் இல்லை என்றால், மின்சாரத்தை நிறுத்திப் பெரிய மின்தேக்கிகள் வடிந்தபின் வெளியீட்டு டிரான்சிஸ்டர்களை டையோடு அளவில் பார்க்க வேண்டும். சிலிக்கான் சந்திப்பு ஒரு திசையில் 0.5 முதல் 0.7 வோல்ட் காட்டும், மறுதிசையில் ஒன்றும் காட்டாது. இரு திசையிலும் சுழியம் என்றால் அது ஷார்ட். போர்டில் இணைந்த நிலையில் பிற பாகங்களும் மீட்டரை ஏமாற்றும் என்பதால், சந்தேகப்பட்டதைக் கழற்றி மறுபடி அளப்பது நல்லது. ஒன்று போயிருந்தால் அதன் எதிர்த்துணையையும், கூடவே வேலை செய்யும் இணை டிரான்சிஸ்டர்களையும், ஒரு ஓமுக்கும் குறைவான எமிட்டர் மின்தடைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றியவரிடம் அதே ஆம்ப்ளிஃபயர் மறுபடி வரும்.

பாகம் மாற்றியதும் நேரே பேட்டரியில் மாட்டுவது ஆபத்து. மைக்செட் கடைகளில் 230 வோல்ட்டுக்கு 'சீரீஸ் பல்பு' போர்டு இருக்கும். சோதிக்கும் கருவியோடு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்து, பல்பு பிரகாசமாக எரிந்தால் ஷார்ட் என்று அறிவார்கள். காருக்கும் அதே உத்தி: 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக வைத்து முதல் மின்சாரம். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் பயமில்லை. பிறகு ஸ்பீக்கர் இல்லாமல் வெளியீட்டு முனைகளில் நேர் மின்னழுத்தம் பார்க்க வேண்டும். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் ஸ்பீக்கரை மாட்டலாம். சில வோல்ட் நின்றால் அது சப்வூஃபரின் சுருளை வேகவைத்துவிடும்.

உப்புக் காற்றும் எர்த்தும்

வானிலை ஆய்வுத் துறைக்கு அதிராம்பட்டினத்தில் ஒரு நிலையம் உண்டு. மழைப் பட்டியல்களில் வரும் பெயராகவே இந்த ஊரைப் பலர் அறிவார்கள். ஊரைச் சுற்றி உப்பளங்கள், ஒருபுறம் சதுப்பு, ஓரமாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. உப்பை உண்டாக்கும் அதே காற்று செம்பில் பச்சைக் களிம்பையும் இரும்பில் துருவையும் உண்டாக்குகிறது. கார் ஆம்ப்ளிஃபயரில் இது முதலில் தாக்குவது எர்த் இணைப்பை.

காரின் உடலே மின்சாரத்தின் திரும்பு வழி. வண்ணம் சுரண்டிய இரும்பில் முடுக்கிய ஒரு போல்ட்டில்தான் முழு மின்னோட்டமும் திரும்புகிறது. 100 வாட் ஒலி தரும் ஆம்ப்ளிஃபயர் 60 விழுக்காடு திறனில் இயங்கினால் பேட்டரியிலிருந்து சுமார் 12 ஆம்பியர் இழுக்கும். எர்த் முனையில் துருவால் 0.1 ஓம் சேர்ந்தால்கூட அங்கே 1.2 வோல்ட் வீணாகும். சாதாரணப் பாட்டில் ஒன்றும் தெரியாது. ஒவ்வொரு பேஸ் அடிக்கும் மின்னழுத்தம் சரிந்து, பாதுகாப்புச் சுற்று சப்வூஃபரை அணைத்து, மறுகணம் விடும். உரிமையாளர் ஸ்பீக்கரைச் சந்தேகிப்பார். ஓம் அளவால் இதைப் பிடிக்க முடியாது. மீட்டரின் மிகக் குறைந்த மின்னோட்டத்துக்கு அந்தத் துரு வழிவிட்டுவிடும். பாட்டு ஓடும்போதே பேட்டரியின் எதிர்முனைக்கும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் முனைக்கும் இடையே வோல்ட் அளக்க வேண்டும். சில நூறு மில்லிவோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, மேலே கிரீஸ் பூச வேண்டும். டிரான்சிஸ்டர் மாற்றச் சொல்லி வந்த வண்டி உப்புத்தாளோடு திரும்பிப் போவதும் உண்டு.

இதே போக்கில் வரும் ஒரு தவறு உயிர்ச்சேதம் வரை போகக்கூடியது. ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால், வீட்டு ஃபியூஸ் கட்டையில் செய்வது போல, செம்புக் கம்பியைச் சுற்றிவிடும் பழக்கம். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் அது ஆபத்தில்லாதது போலத் தோன்றும். ஆனால் கார் பேட்டரி ஷார்ட் ஆகும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். இருக்கைக்குக் கீழே ஓடும் வயரின் உறை தீப்பிடிக்க அது போதும். பேட்டரியிலிருந்து அரை மீட்டருக்குள் முக்கிய ஃபியூஸ் இருக்க வேண்டும் என்ற விதி ஆம்ப்ளிஃபயரைக் காப்பதற்காக வந்ததன்று. வயரையும், வண்டிக்குள் இருப்பவரையும் காப்பதற்காக வந்தது.

சட்டமும் சந்தையும்

ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன. இரவு 10 முதல் காலை 6 வரை பொது இடத்தில் ஒலிபெருக்கிக்குத் தடை. உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 அன்று வழங்கிய தீர்ப்பு அதை உறுதிப்படுத்தியது. குழாய்க்கு நெருக்கடி கூடக் கூட, டெல்டாவின் விழாக்களிலும் பாக்ஸ் ஸ்பீக்கர் இடம்பிடித்தது. அதாவது காரில் மட்டுமிருந்த பேஸ் பந்தலுக்கும் வந்தது. சுவர் வழியே எளிதில் ஊடுருவுவது தாழ்ந்த ஒலிதான் என்பதால், பக்கத்து வீட்டுக்காரருக்கு இதில் எவ்வளவு நிம்மதி கிடைத்தது என்பது தனிக் கேள்வி.

ஆம்ப்ளிஃபயர்களும் மாறின. இப்போது வருபவை பெரும்பாலும் டி வகுப்பு: சிறியவை, குறைந்த வெப்பம், அதிகத் திறன். ஆனால் அவற்றின் பாகங்கள் அரிசிக் குருணையை விடச் சிறியவை, ஐ.சி. ஒன்றே பாதிச் சுற்று. போனால் போர்டையே மாற்றுவதுதான் வழக்கம். கை சால்டரிங் இரும்பும் மல்டிமீட்டரும் கொண்டு கட்டம் கட்டமாக நடந்து போகக்கூடிய கடைசித் தலைமுறை, கால்கள் போர்டைத் துளைத்து நிற்கும் பாகங்களைக் கொண்ட பழைய ஆம்ப்ளிஃபயர்தான். ஐ.டி.ஐ. மாணவர் ஒருவருக்குச் சுற்றியல் கற்க அதைவிட மலிவான ஆய்வுக்கூடம் இல்லை.

நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையவாயிலைத் தொடங்கியது; வாகனங்களும் மின்னணுப் பொருள்களும் அதன் வரம்பில் உள்ளன. ஆனால் தயாரிப்பே நின்றுபோன ஆம்ப்ளிஃபயருக்கு எந்த இணையவாயிலும் டிரான்சிஸ்டர் தராது. சென்னை ரிச்சி தெருவிலோ பழைய போர்டுகளிலோதான் தேட வேண்டும். அங்கே கிடைப்பதிலும் போலிகள் கலந்திருக்கின்றன. எண் அதே, எழுத்து அதே, உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு மட்டும் சிறியது. டையோடு அளவில் அது நல்ல டிரான்சிஸ்டராகவே காட்டும். சீரீஸ் பல்பிலும் தேறிவிடும். மெல்லிய பாட்டும் பாடும். முதல் கனத்த பேஸ் அடி வரும்போதுதான் போய்விடும். அதனால் அனுபவமுள்ள மெக்கானிக்குகள் வாங்கிய மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து, குறடால் உடைத்து, உள்ளே இருக்கும் துண்டின் அளவை, எரிந்துபோன அசலை உடைத்து எடுத்த துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டே மற்றவற்றைப் போர்டில் வைக்கிறார்கள்.